பதினஞ்சாவது மழை

வெளிக்குழாயிலேர்ந்து தண்ணி செவப்பா வந்துச்சு.

செவப்புன்னா டீ கலர் இல்லீங்க. செங்கல் சூளையில மிதிச்சு வெச்ச சேறு இருக்கும்ல, அது. குட்டைக்குள்ள போற தண்ணி என்ன கலரோ, வெளிய வர்ற தண்ணியும் அச்சு அசல் அதே கலர். நடுவுல குட்டைன்னு ஒண்ணு வெட்டி வெச்சிருக்கறதுக்கு அடையாளமே இல்ல.

குழந்தைவேலு காவல் ஷெட்டுக்குள்ள நின்னு இதைப் பார்த்துக்கிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூணு மணி. தகரக் கூரை மேல மழை ஜல்லிக்கல்லைக் கொட்டற மாதிரி கொட்டுது. காலடியில ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியில எட்டு பாட்டில். எட்டும் காலி.

போகணும். இப்பவே போகணும். முப்பதே அடி தூரம்.

கால் நகரல.

"கொஞ்சம் விடட்டும்"னு வாய்விட்டுச் சொன்னார். ஷெட்டுல வேற யாரும் இல்ல. யார்கிட்ட சொன்னார்னு அவருக்கே தெரியல.

அம்பது நிமிஷம் கழிச்சு மழை விட்டுச்சு. அப்புறம் போனார். எட்டு பாட்டிலையும் ரொப்பினார். நோட்ல நேரத்தை எழுதினார், முத்து முத்தா. தண்ணி அதுக்குள்ள நல்லா வெளிறிப் போயிருந்துச்சு. புதுசா ஒருத்தர் வந்து பார்த்தா, இங்க என்ன பெரிய மழை பெஞ்சிடுச்சுன்னு கேப்பாங்க.

புதன்கிழமை விடிஞ்சதும் போன். கீழ்ச்செங்கரடு அங்கம்மா.

"ஏனுங்க பாட்டில்காரரே, உங்க குட்டை நேத்து எங்க கெணத்துல எறங்கிக் குளிச்சுட்டுப் போயிருக்குதுங்க. வந்து தலையத் துவட்டிக் கூட்டிட்டுப் போங்க."

விஷயம் இதுதான். செங்கரடு ஒரு மலைச்சரிவு. அதை வெட்டி வீட்டு மனை போட்டுட்டாங்க. மரத்தை எடுத்துட்டா மண்ணு நிக்குமா? மழை வந்தா மொத்தமும் கீழ எறங்கும். கீழ பத்தொம்பது வீடு, ஒரே ஒரு கெணறு. அதனால நடுவுல ஒரு தடுப்புக் குட்டை வெட்டினாங்க. மழைத்தண்ணி அதுல வந்து கொஞ்ச நேரம் நிக்கணும். நின்னா மண்ணு அடியில தங்கும். மேல் தண்ணி குழாய் வழியா மெதுவா வெளிய போகும்.

நூறு கிலோ மண்ணு உள்ள வந்தா, அதுல எத்தனை கிலோவைக் குட்டை பிடிச்சு வெச்சுக்கும்? இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ற கம்ப்யூட்டர் மாடல் ஒண்ணு. அஞ்சு வருஷமா குழந்தைவேலு செஞ்சுக்கிட்டிருந்தது அதுதான். அவரோட பி.எச்.டி.யே அதுதான்.

மாடல் சொன்ன நம்பர் தொண்ணூத்திரெண்டு. நூறு கிலோ வந்தா தொண்ணூத்திரெண்டு கிலோ குட்டையிலயே தங்கிடும்!

அந்த நம்பரை நம்பி திட்ட ஆபீஸ்ல ஒரு ஃபைல் தயாரா இருந்துச்சு. ஒரு குட்டையே போதும், ரெண்டாவது குட்டை வேண்டாம், அதுக்கு விட்ட எடத்தையும் மனையா வித்துக்கலாம்னு. சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து. மொதல்ல குழந்தைவேலு போடணும். அதுக்குக் கீழ அவரோட குரு போடணும்.

குருன்னதும் தாடிய எல்லாம் தேடாதீங்க. பேரு ரஹ்மத்நிஷா. வயசு முப்பத்தாறு. சிஷ்யருக்குத்தான் நாப்பத்தொம்பது. பாலிடெக்னிக்ல இருபது வருஷம் பாடம் எடுத்துட்டு, அதுக்கப்புறம் படிக்கணும்னு ஆசை வந்து அந்தம்மாகிட்ட போய்ச் சேர்ந்தவர். ஆறடி உயரம், அதுக்கேத்த தோள். பேருல மட்டும்தான் குழந்தை.

புதன்கிழமை பத்து மணிக்கு கெணத்தை எட்டிப் பார்த்தார். தண்ணி தெரியல. மேல செவப்பா ஒரு தோல் படிஞ்சிருந்துச்சு.

அங்கம்மா வாளிய விட்டு இழுத்தாங்க. ராட்டினம் கிரீச்சுனு கத்துச்சு. வாளிய அவர் முன்னாடி நீட்டினாங்க.

"குடிங்க."

சிரிக்கல.

"அங்கம்மாக்கா..."

"சும்மா சொன்னனுங்க, பயந்துக்காதீங்க. கெணத்தை எறச்சுக்கலாம். ரெண்டு நாள் லாரித் தண்ணி குடிச்சா செத்துற மாட்டோம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அடுத்த மழைக்கு இது எங்க வீட்டுக்குள்ள வருமா, வராதா? உங்க கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுங்க."

அவர் வாளிய வாங்கிக் கீழ வெச்சார்.

காலேஜுக்குத் திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை பாட்டில் எட்டையும் வடிகட்டினார், காய வெச்சார், எடை போட்டார், மாடல்ல ஏத்தினார். மாடல் கொஞ்ச நேரம் ஓடுச்சு. நின்னுச்சு.

தொண்ணூத்திரெண்டு.

மாடல் வேற எதையாவது சொல்லியிருந்தாகூட பயம் குறைஞ்சிருக்கும். அங்க கெணறு முழுக்க மண்ணு. இங்க எல்லாம் நல்லாருக்குன்னு பச்சைக் கோடு.

வியாழக்கிழமை காலையில ரஹ்மத்நிஷா மேடம் ரூம் வாசல்ல நின்னார்.

"மேடம், மாடல்ல எங்கயோ தப்பு இருக்கு. எங்கன்னு தெரியல."

"உக்காருங்க வேலு சார். என்ன தப்பு?"

"மண்ணு கெணத்துல இருக்கு. மாடல், குட்டையில இருக்குன்னு சொல்லுது."

"ம்."

"மண்ணு எறங்கற வேகத்தை மாத்திப் பார்த்தேன். குட்டையோட ஆழத்தை மாத்தினேன். எதை மாத்தினாலும் தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திமூணு. அசையவே மாட்டேங்குது. எங்க மேடம் தப்பு?"

மேடம் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பல.

"ஃபீல்டு நோட்டு இருக்கா?"

குடுத்தார். அவங்க ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாங்க. அவசரமே இல்ல. ஒரு மழைக்கு ஒரு பக்கம். பதினாலு பக்கம். ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால தடவினாங்க. நோட்டைத் தூக்கி மோந்துகூடப் பார்த்தாங்க.

"நல்ல கையெழுத்து."

"தேங்க்ஸ் மேடம்."

"இங்க் பேனாவா?"

"ஆமா மேடம். பால்பாயிண்ட் எனக்கு வராது. வாத்தியார் புத்தி."

"பதினாலு மழை."

"ஆமா மேடம்."

"ஒரு எழுத்துகூட நனையல."



ரெயின்கோட் போட்டிருந்தேன்னு சொல்லலாம். குடை இருந்துச்சுன்னு சொல்லலாம். ரெண்டையும் சொல்ல வாயைத் தொறந்தார். மூடிட்டார். அப்புறம் மேஜையைப் பார்த்துக்கிட்டே பேசினார்.

"மொத மழைக்குப் போனேன் மேடம். அந்தப் பதினாலுல அது இல்ல. குழாய்க்கு மேல இருக்கற சிலாப்புல நின்னேன். சிலாப் நடுங்குது. கீழ ஏதோ மிருகத்தை அடைச்சு வெச்ச மாதிரி உறுமல். கால் வழுக்கிச்சு. ஒரு செருப்பு விழுந்துடுச்சு. நாப்பதடி தள்ளி மேல வந்து, ஒரே ஒரு சுத்து சுத்தி, உள்ள போயிடுச்சு. நான் என் காலைத் தொட்டுப் பார்த்தேன் மேடம். இருக்கான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் மழை விட்டதும் போக ஆரம்பிச்சேன்."

"எல்லா மழைக்கும்?"

"எல்லா மழைக்கும்."

இவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகல, அடிபடல. ஒரு செருப்பு. அதுக்கு அஞ்சு வருஷம் ஒரு தகர ஷெட்டு. நீங்க அப்படி எங்கயும் போய் ஒக்காந்ததே இல்லையா?

ஆனா மழை கொட்டற அந்த அரைமணி, முக்கால்மணி நேரம்தான் எல்லாமே. வானம் பொத்துக்கிட்டு ஊத்தறப்பதான் முக்காவாசி மண்ணு வரும். தண்ணி நிக்காது, ஓடும். மண்ணும் அதுமேல ஏறிக்கிட்டு ஓடிடும். மழை விட்டப்புறம் வர்றது வெறும் மிச்சம். அந்த மிச்சத்தைக் குட்டை சமத்தாப் பிடிச்சு வெச்சுக்கும். குழந்தைவேலு பதினாலு தடவையும் அந்த மிச்சத்தைத்தான் பாட்டில்ல பிடிச்சார். மாடலும் அதைத்தான் படிச்சுச்சு.

மேடம் திட்டுவாங்கன்னு அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தார்.

"இன்னொரு செருப்பு என்ன ஆச்சு?"

"வீட்ல இருக்கு மேடம். தூக்கிப் போட மனசு வரல."

மேடம் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போனாங்க. மலைப்பக்கம் கறுப்பா கட்டியிருந்துச்சு.

"நாளைக்கு மத்தியானம் வரும். நான் மேல உள்வாய்க்கால்ல நிக்கறேன். நீங்க கீழ குழாய்கிட்ட."

"மேடம், நான் வேணா உள்வாய்க்கால்ல..."

"ரெண்டு எடத்துலயும் ஒரே நேரத்துல எடுக்கணும். வாய்க்கால்ல வேகம் ஜாஸ்தி. நீங்க அங்க நிப்பீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தக் கறுப்பைப் பார்த்தார்.

"எத்தனை பேர் இருக்கோம் வேலு சார்?"

"ரெண்டு பேர் மேடம்."

"ஷெட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

காவலாளி வேலைய விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. சாவி குழந்தைவேலுகிட்டதான். சட்டைப் பையிலேர்ந்து எடுத்து மேஜை மேல வெச்சார். மேடம் எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

வெள்ளிக்கிழமை ரெண்டு மணி. காத்து சுத்தமா நின்னுபோச்சு. செங்கரட்டு உச்சி தெரியல. மனையில கட்டின நாய் ஒண்ணு எதையோ பார்த்து ஓயாம குரைச்சுது, திடீர்னு அதுவும் நிறுத்திடுச்சு.

ரெண்டு பேர் இடுப்புலயும் கயிறு. அவரோடது குழாய்கிட்ட இருக்கற இரும்புத் தூண்ல. மேடத்தோடது மேல வாய்க்கால் ஓரத்துக் கம்பத்துல. அவங்க கழுத்துல ஒரு விசில் தொங்குச்சு, காலேஜ் விளையாட்டு ரூம்ல வாங்கிட்டு வந்தது.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு விசில். கேட்டதும் முக்கி எடுங்க. நேரத்தை எழுதுங்க."

"மேடம், தண்ணி ரொம்ப ஏறிட்டா?"

"கயிறு இருக்கு."

"கயிறு அறுந்துட்டா?"

"பாட்டில் மூடியை இறுக்கிப் போடுங்க."

சொல்லிட்டு மேல ஏறிப் போயிட்டாங்க.

மழை வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்லக்கூடாது, விழுந்துச்சு. ஒரு நிமிஷத்துல எதிர்க்கரை மறைஞ்சுது. அடுத்த நிமிஷம் மேடம் நின்ன எடம் மறைஞ்சுது. அவருக்கு மிச்சம் இருந்தது குழாய், சிலாப், தன் ரெண்டு கால், முப்பதடி தள்ளி அந்த ஷெட்டு.

மொத விசில். முக்கி எடுத்தார். நோட்ல 2.40னு எழுதினார். ஒரு சொட்டு விழுந்துச்சு. ரெண்டுக்கு வால் முளைச்சுது.

ரெண்டாவது விசில். மூணாவது. சிலாப் நடுங்க ஆரம்பிச்சுது. உள்ளங்கால்ல தொடங்கி முட்டி வரைக்கும் அந்த நடுக்கம் ஏறுச்சு. கீழ அதே உறுமல். அஞ்சு வருஷம் அது அங்கயே இருந்திருக்கு, இவருக்காகக் காத்துக்கிட்டு.

கண்ணு தானா ஷெட்டுப் பக்கம் போச்சு. பூட்டு தெரிஞ்சுது.

நாலாவது விசில். குனிஞ்சு பாட்டிலை நீட்டினார். அப்பதான் குட்டைக்குள்ள அதைப் பார்த்தார். சிலாப்புக்குப் பத்தடி தள்ளி தண்ணி கொப்பளிச்சுது. அடியில அஞ்சு வருஷமாப் படுத்துக் கிடந்த வண்டல், எருமை எந்திரிக்கற மாதிரி மெதுவா, முதுகை வளைச்சுக்கிட்டு எந்திரிச்சுது. எந்திரிச்சு குழாயைப் பார்த்து வந்துச்சு.

குழாய் கக்குச்சு. உள்ள வர்ற தண்ணியவிடக் கறுப்பா, கெட்டியா.

மாடல்ல இது இல்ல. குட்டையில தங்கின மண்ணு தங்கினதுதான்னு அவரே எழுதி வெச்சிருந்தார்.

அஞ்சாவது விசில், 3.00. எடுத்தார். எழுதினார். கை எழுதுச்சு, எழுத்து நிக்கல, ஓடுச்சு.

ஆறாவது விசில் வரல.

வாட்சைப் பார்த்தார். 3.05. முள்ளு தாண்டப் போகுது. காதைத் தீட்டிக்கிட்டு நின்னார். மழை. உறுமல். வேற எதுவும் இல்ல.

"மேடம்!"

குரல் வாய்க்கு வெளிய ஒரு அடிகூடப் போகல.

நெஞ்சுக்குள்ள அந்தச் செருப்பு ஒரு சுத்து சுத்துச்சு. ஓடணும். எந்தப் பக்கம்? கயிறை அவுக்கணும். இல்ல, மொதல்ல... கை என்ன செய்யுதுன்னு அவர் பார்க்கறதுக்குள்ள அது ஆறாவது பாட்டிலை எடுத்து, முக்கி, மூடிப் போட்டு, 3.05னு எழுதிடுச்சு. அப்புறம்தான் முடிச்சை அவுத்தார். நனைஞ்ச முடிச்சு, வரமாட்டேன்னுச்சு. பல்லால கடிச்சு இழுத்தார்.

கரை மேல நாலு கால்ல ஏறினார்னுதான் சொல்லணும்.

மேடம் இருந்தாங்க. இடுப்பு வரைக்கும் வாய்க்கால் தண்ணி. ஒரு கையால கம்பத்தைக் கட்டிப் பிடிச்சிருந்தாங்க. கழுத்துல விசில் இல்ல, தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இன்னொரு கையில பாட்டில். நிறைஞ்ச பாட்டில்.

அவரைப் பார்த்ததும் கேட்ட மொத கேள்வி:

"எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம்."

"நேரம்?"

"மூணு அஞ்சு."

"நானும்."

தோளைக் குடுத்து மேல இழுத்து விட்டார். மேடம் மூடியைப் போடப் பார்த்தாங்க. மூடி பாட்டில் வாய்ல ஒக்காரல. மறுபடி வெச்சாங்க. டகடகடகன்னு அடிச்சுக்குது. அவர் வாங்கி, இறுக்கித் திருகிக் குடுத்தார்.

"மேடம்... உங்களுக்குப் பயமா இருக்கா?"

"ஷெட்டுச் சாவி என்கிட்டதானே இருந்துச்சு வேலு சார்." மூச்சு வாங்கினாங்க. "அஞ்சு தடவை தொட்டுப் பார்த்துட்டேன்."

அவர் அப்படியே நின்னார். மழை முகத்துல அடிச்சுது, துடைக்கல.

"இன்னும் ரெண்டு பாட்டில் இருக்கு மேடம்."

"விசில் இல்லையே."

"வாட்சைப் பார்த்துக்கறேன்."

எறங்கிப் போனார். கயிறைத் திரும்பக் கட்டிக்கிட்டார். 3.10. 3.15.

மழை ஓய்ஞ்சு பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கீழ வந்தப்போ, அங்கம்மா வீட்டு வாசல்ல மண்வெட்டியோட நின்னாங்க. சேலை முட்டி வரைக்கும் செவப்பு. வாசல் முழுக்க சேறு. படிக்கு ஒரு சாண் கீழ நின்னிருந்துச்சு.

"கேட்டனே, உங்க கம்ப்யூட்டரு என்ன சொல்லுச்சுங்க?"

குழந்தைவேலு பெட்டியைக் கீழ எறக்கி வெச்சார்.

அங்கம்மா அவரை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. சட்டை ஒட்டிப்போய், தலையிலேர்ந்து சொட்டிக்கிட்டு.

"அட! பாட்டில்காரரு இன்னைக்குத்தானுங்க நனைஞ்சிருக்காரு. அஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான்."

ஊருக்கே தெரிஞ்சிருக்கு.

பதினாறு பாட்டிலையும் அன்னைக்கே வடிகட்டினாங்க. வடிகட்டின தாளு பழுப்பு அப்பளம் மாதிரி கனத்துக் கிடந்துச்சு. ஓவன்ல வெச்சு, சனிக்கிழமை காலையில எடை போட்டாங்க. குழந்தைவேலு கணக்கை மூணு தடவை போட்டார். நூறு கிலோ மண்ணு உள்ள போனதுக்கு வெளிய வந்தது நூத்திப்பன்னெண்டு கிலோ. உள்ள போனது மொத்தமும் வெளிய வந்துடுச்சு, குட்டை பழைய பாக்கியையும் சேர்த்து அனுப்பியிருக்கு.

மைனஸ் பன்னெண்டு.

திட்ட ஆபீஸ் மாடிப்படியில பாதியில நின்னுட்டார்.

"மேடம், அந்தப் பதினாலையும் எடுத்துட்டா என்கிட்ட என்ன மிஞ்சும்?"

"ஒரு பக்கம்."

"தீசிஸ் போயிடும். அஞ்சு வருஷம் மேடம். எனக்கு அம்பது ஆகப் போகுது."

மேடம் ரெண்டு படி மேல நின்னாங்க. எறங்கியும் வரல, ஏறியும் போகல. அவர் வந்ததும் சேர்ந்து ஏறினாங்க.

அதிகாரி தேவசகாயம் டீ சொல்லி வெச்சிருந்தார். நல்ல மனுஷன்தான், அவசரக்காரர். ஃபைலைத் திருப்பி, விரலை வெச்சுக் காட்டினார்.

"தொண்ணூத்திரெண்டு. இங்க சார், இங்க மேடம். ரெண்டு கையெழுத்து, டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பிடலாம்."

குழந்தைவேலு பேனாவை எடுத்தார். மூடியைக் கழட்டினார். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பல.

தொண்ணூத்திரெண்டு மேல ஒரு கோடு போட்டார். பக்கத்துல எழுதினார்.

தேவசகாயம் எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது, மைனஸா?"

"ஆமா சார்."

"குட்டை மண்ணைப் பிடிக்கும்னு வெட்டினோம். நீங்க அது குட்டி போட்டு அனுப்புதுங்கறீங்க."

"பெரிய மழையில அப்படித்தான் சார். ரெண்டாவது குட்டை வெட்டணும். அதுக்கு முன்னாடி இந்தக் குட்டையைத் தூர்வாரணும். மழைக்காலம் முடியற வரைக்கும் கீழ இருக்கற பத்தொம்பது வீட்டையும் காலி பண்ணி வைக்கணும்."

"போன மாசம் வரைக்கும் தொண்ணூத்திரெண்டுன்னீங்க?"

"அது நான் பார்க்காத மழை சார். மழை பெய்யறப்ப நான் ஷெட்டுக்குள்ள இருந்தேன்."

சொல்லிட்டார். பேனாவை மூடிக் கீழ வெச்சார்.

தேவசகாயம் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். டீ ஆடை கட்டுச்சு.

"இதை நான் மேல அனுப்பணும்னா ஃபீல்டு நோட்டு சேர்க்கணும். குடுங்க."

குழந்தைவேலு பிளாஸ்டிக் பைக்குள்ளேர்ந்து நோட்டை எடுத்துக் குடுத்தார். அட்டை இன்னும் ஈரமா இருந்துச்சு. தேவசகாயம் பக்கத்தைத் திருப்பினார். பதினாலு பக்கமும் அச்சடிச்ச மாதிரி. கடைசிப் பக்கம் வந்தது. நீலமா ஒரு குளம். அங்கங்க ஒரு மூணு, ஒரு அஞ்சு முங்கிக் கிடந்துச்சு.

"அடடா, என்ன சார்! அந்தப் பதினாலும் எவ்வளவு அழகா இருக்கு. முக்கியமான பக்கத்தைப் போய் இப்படி வீணாக்கி வெச்சிருக்கீங்களே."

எழுத்து ஏதாவது தேறுமான்னு விரலால தடவினார். விரல் நீலமாச்சு.

குழந்தைவேலு மேடத்தைப் பார்த்தார்.

மேடம் கையை நீட்டி நோட்டை தேவசகாயத்துகிட்டேர்ந்து வாங்கினாங்க. அந்தப் பக்கத்தை மூடாம, தொறந்தபடியே ஃபைல் மேல வெச்சாங்க.

"மெதுவாத் தொடுங்க சார். அது ஒண்ணுதான் மழையில எழுதினது."